ஒலிக்குள் ஒரு வெட்டு

பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் ஜெஸ்லின் என்ன படிக்கிறாள் என்பது பற்றி ஆளுக்கொரு கருத்து இருந்தது. போலீஸ் வேலைக்குப் படிக்கிறாள் என்றார்கள் சிலர். கம்ப்யூட்டர் ரிப்பேர் என்றார்கள் சிலர். ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருக்கும் அவள் அப்பா மட்டும் கூட வேலை பார்ப்பவர்களிடம், "எம் பொண்ணு செல்போனுக்குப் போஸ்ட்மார்ட்டம் பண்ணுது" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அது முழுத் தப்பும் இல்லை. திருச்சியில் ஒரு தனியார் கல்லூரியில் டிஜிட்டல் தடயவியல் எம்.எஸ்சி. கடைசி ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள் அவள். போனிலும் கம்ப்யூட்டரிலும் கேமராவிலும் தங்கிப்போன தடயங்களை எடுத்து, நீதிமன்றத்தில் நிற்கும்படி அறிக்கை எழுதுவதுதான் படிப்பு. ஆய்வுக்கு அவள் எடுத்துக்கொண்ட விஷயம், ஒலிப்பதிவுகளில் வெட்டி ஒட்டிய இடங்களைக் கண்டுபிடிப்பது. மின்சாரம் ஓடும் எந்த அறையிலும் காதுக்கு எட்டாத ஒரு முனகல் இருக்கும். ஃபேனும் ட்யூப்லைட்டும் ஏ.சி.யும் அதை விடாமல் எழுப்பிக்கொண்டே இருக்கும். அந்த அறையில் பதிவு செய்யும் குரலோடு அந்த முனகலும் சேர்ந்து பதிவாகும், சேலையின் ஓரத்தில் அறுபடாமல் ஓடும் கரைபோல. நடுவில் ஒரு துண்டை வெட்டி எடுத்துவிட்டு ஒட்டினால், பேச்சு பொருந்திவிடும், கரை பொருந்தாது. அந்தப் பொருந்தாத இடத்தைப் படமாக எடுத்துக் காட்டுவதில் ஜெஸ்லின் தேர்ந்திருந்தாள். தேர்ந்திருப்பது அவளுக்கும் தெரியும்.

மாசி மாதத்தில் ஒருநாள் மதியம் ஒரு பெண்மணி லேபின் வாசலில் வந்து நின்றார். நாற்பதைத் தாண்டிய வயது. சட்டைப் பையில் பேனா வைக்கும் பழக்கம் உள்ளவர்போல, சுடிதாரின் கழுத்துப் பட்டையில் பேனாவைச் செருகியிருந்தார்.

"வாய்ஸ் எல்லாம் சோதிச்சுச் சொல்ற இடம் இதுதாங்களா?"

"ஆமாங்க மேடம். உள்ள வாங்க."

அவர் பெயர் அகிலாண்டம். ஸ்ரீரங்கத்துக்காரர். துவாக்குடியில் பாய்லர் குழாய்களை வெல்டிங் செய்து கொடுக்கும் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதகர். குழாய்கள் இணையும் ஒவ்வொரு ஜாயின்டையும் எக்ஸ்ரே எடுத்து, அந்த ஃபிலிமைப் பார்த்து, நல்லதா கெட்டதா என்று அவர் சொன்ன பிறகுதான் சரக்கு வெளியே போக வேண்டும்.

அப்படிப் போன ஒரு குழாய், வெளியூர் ஆலை ஒன்றில் ஜாயின்ட் விட்டுப்போய் நீராவியைக் கக்கியிருந்தது. பக்கத்தில் நின்ற பிச்சைமுத்து என்ற ஃபிட்டருக்கு வலது கை முழங்கைவரை வெந்துவிட்டது. அந்த ஜாயின்டுக்கு அகிலாண்டத்தின் கையெழுத்து இல்லை. ஆனால் அவர் வாய்மொழியாக அனுமதி கொடுத்தார் என்று புரொடக்‌ஷன் மேனேஜர் பாஸ்கரன் சொன்னார். சாட்சியாக ஓர் ஒலிப்பதிவையும் கொடுத்தார். கம்பெனி அகிலாண்டத்தை சஸ்பெண்ட் செய்து, விசாரணைக்கு நாள் குறித்திருந்தது. குற்றச்சாட்டோடு பதிவின் நகலையும் ஒரு பென்டிரைவில் கொடுத்திருந்தார்கள்.

ஜெஸ்லின் அதைப் போட்டுக் கேட்டாள். அகிலாண்டத்தின் குரல் தெளிவாக வந்தது.

"இது நல்ல ஜாயின்ட்தான், பாஸ் போட்டு அனுப்பிடுங்க. ஃபிலிமை நான் பாத்துக்கிறேன்."

அவ்வளவுதான் பதிவு.

"நான் இப்படிச் சொல்லவே இல்லம்மா," என்றார் அகிலாண்டம். "பத்தொன்பது வருஷத்துல ஒருத்தருக்கும் சொன்னதில்ல. இப்பதான் ஏ.ஐ.ல யாரு குரலை வேணும்னாலும் செய்றாங்களே. அப்படித்தான் செஞ்சிருக்கான். அது என் குரல் இல்லன்னு நீங்க எழுதிக் குடுத்தா போதும்."

"சோதிச்சுப் பாத்துட்டு என்ன இருக்கோ அதை எழுதுறேன் மேடம். முன்னாடியே சொல்ல மாட்டேன்."

அகிலாண்டம் அவளை ஒரு கணம் பார்த்தார். "சரி, பாருங்க," என்றார்.

ஜெஸ்லினின் ஆய்வு வழிகாட்டி பிரதீப் கேட்டதும் தயங்கினார். அவர் கெட்டவர் இல்லை. ஜாக்கிரதையானவர்.

"அந்தக் கம்பெனிலதான் நம்ம மெக்கானிக்கல் பசங்க இன்டர்ன்ஷிப் போறாங்க. தெரியும்ல?"

"தெரியும் சார். அதுக்காக மறுத்தோம்னா, அதுவும் ஒரு பக்கம் சாஞ்ச மாதிரிதான்."

பிரதீப் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரு நிபந்தனை. அந்தம்மாவுக்குப் பாதகமா ஏதாவது வந்தாலும் ரிப்போர்ட்ல இருக்கணும். ஒரு வரியைக்கூட மறைக்கக் கூடாது. அப்படின்னா நான் கையெழுத்துப் போடுறேன்."

"அப்படித்தான் சார் எழுதுவேன்."

முதலில் அவள் பதிவைத் தொடவே இல்லை. அதன் நகல் ஒன்றை எடுத்து, கோப்பின் ஹாஷ் எண்ணைக் குறித்து வைத்தாள். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் முழுதாக மாறிவிடும். பிறகு யாராவது, நீ மாற்றிவிட்டாய் என்று சொன்னால் அந்த எண்தான் பதில்.

அதன் பிறகு தன் முறையையே சோதித்தாள். வகுப்புத் தோழி கனிஷ்காவிடம், "வேற வேற ரூம்ல பேசி ரெக்கார்ட் பண்ணு. சிலதை வெட்டு, சிலதை வெட்டாத. எது எதுன்னு எங்கிட்ட சொல்லாத" என்று கேட்டுக்கொண்டாள். கனிஷ்கா விளையாட்டுப் புத்திக்காரி. கேன்டீனில், காந்தி மார்க்கெட்டில் தன் மாமா வைத்திருக்கும் வெங்காய மண்டியில், மாடிப்படியில் என்று கண்ட இடத்திலெல்லாம் பதிவு செய்து, சிலவற்றை மிக நுணுக்கமாக வெட்டிக் கொண்டுவந்தாள். ஜெஸ்லின் பெரும்பாலானவற்றைக் கண்டுபிடித்தாள். மண்டியில் எடுத்த ஒன்றில் தவறினாள். அங்கே மூட்டை இறக்கும் சத்தத்தில் முனகல் மூழ்கிவிட்டிருந்தது. தவறியதையும் எழுதி வைத்தாள்.

அதற்குப் பிறகுதான் பென்டிரைவுக்கு வந்தாள்.

அகிலாண்டத்தை லேபுக்கு வரவழைத்துப் பேசவைத்து எடுத்த குரலோடு அந்தப் பதிவை ஒப்பிட்டாள். மூச்சு விடும் இடம், உதடு சேரும் ஒலிகள், மூக்கொலிகளின் வடிவம் எல்லாம் பொருந்தின. இயந்திரம் செய்த குரலில் எங்காவது தெரியும் வழவழப்பு இதில் எங்கும் இல்லை. தனக்குத் தெரிந்த எல்லா வழியிலும் பார்த்தாள். விடை மாறவில்லை. குரல் அகிலாண்டத்துடையது.

பிறகு முனகலைத் தனியே பிரித்துத் திரையில் விரித்தாள். ஏ.சி. ஓடும் அறை. கோடு சீராக ஓடியது. "அனுப்பிடுங்க" என்ற சொல் முடியும் இடம்வரை ஓடியது. அங்கே ஒரு துள்ளல் துள்ளி, வேறு உயரத்திலிருந்து மறுபடி தொடங்கி, "ஃபிலிமை நான் பாத்துக்கிறேன்" என்பதன் கீழே ஓடி முடிந்தது.

ஜெஸ்லின் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். வேறு மென்பொருளில் போட்டாள், அங்கும் துள்ளியது. கனிஷ்காவைக் கூப்பிட்டு, எதுவும் சொல்லாமல், "இதுல ஏதாவது தெரியுதா?" என்றாள். கனிஷ்கா நேராக அந்த இடத்தில் விரலை வைத்தாள்.

மறுநாள் அகிலாண்டம் வந்தார். ஜெஸ்லின் சுற்றி வளைக்கவில்லை.

"மேடம், குரல் உங்களோடதுதான்."

அகிலாண்டத்தின் முகம் இறுகியது.

"கம்பெனிலேர்ந்து யாராவது வந்தாங்களா?"

"யாரும் வரல."

"பின்ன எப்படி? நான் சொல்லலைங்கிறேன். என் குரல்ங்கிற. அப்ப நான் பொய் சொல்றேனா?" மரியாதை தானாகவே உதிர்ந்துவிட்டது. அவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "உன்னை நம்பி வந்தேன் பாரு."

"போறதுன்னா போங்க மேடம். அதுக்கு முன்னாடி இந்தப் படத்தை ஒரு தடவை பாத்துட்டுப் போங்க. நான் எதுவும் விளக்கல."

நின்றவாறே திரையைப் பார்த்தார் அகிலாண்டம். கோபம் தணியாமல்தான் பார்த்தார். ஆனால் பத்தொன்பது வருஷமாக எக்ஸ்ரே ஃபிலிமில் ஒட்டாத இடத்தைத் தேடிப் பழகிய கண் அது. மெல்லப் பையைக் கீழே வைத்தார்.

"இங்க ஒட்டல," என்றார்.

"ஆமா மேடம். இங்கதான் வெட்டி ஒட்டியிருக்காங்க. சொன்னது நீங்கதான். ஆனா அது முழுசு இல்ல."

அகிலாண்டம் உட்கார்ந்தார். பதிவை மறுபடி போடச் சொன்னார். கண்ணை மூடிக் கேட்டார். மூன்றாவது முறை கேட்கும்போது அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது.

"பாஸ்கரன் ரூம்ல. லாரி வந்து நிக்குதுன்னு கத்திக்கிட்டிருந்தான். 'இது நல்ல ஜாயின்ட்தான், பாஸ் போட்டு அனுப்பிடுங்கன்னு நான் சொல்லணுமா'ன்னு கேட்டேன். ஆமாம்மா, அப்படித்தான் கேட்டேன். முடியாது, வெட்டிட்டு மறுபடி வெல்ட் பண்ணுங்கன்னேன்." அவர் திரையை நோக்கிக் குனிந்தார். "அனுப்பிடுங்கன்னு. அந்த 'ன்னு'வை எடுத்துட்டான் பாரு. கேளு, அந்த இடத்துல நாக்கு 'ன்'னுக்குத் திரும்புறது லேசா கேக்குது."

ஜெஸ்லினுக்கும் அது கேட்டிருந்தது. நேற்றே கேட்டிருந்தது. சொல் முடியுமிடத்தில் ஏதோ ஒரு மூக்கொலி தொடங்கி அறுபட்டதுபோல. ஆனால் அதைப் படத்தில் காட்ட முடியவில்லை. முனகலின் துள்ளல்போல அது எல்லோர் கண்ணுக்கும் தெரியும் விஷயம் இல்லை.

"அதை ரிப்போர்ட்ல எழுதும்மா. அது ஒண்ணு போதும் எனக்கு."

"எழுத முடியாது மேடம்."

"ஏன்? உனக்கும் கேக்குதுதானே?"

"கேக்குது. நீங்க நல்லவங்கன்னு நான் நம்புறதால கேக்குதோ என்னவோ. உங்களைத் தெரியாத ஒருத்தருக்கு அதை நிரூபிச்சுக் காட்ட என்னால முடியாது. வெட்டு இருக்குங்கிறதை யாருக்கு வேணும்னாலும் காட்டுவேன். என்ன வெட்டினாங்கங்கிறது ஒரிஜினல் கிடைச்சாதான்."

அகிலாண்டம் வாதாடவில்லை. ஆனால் போகும்போது வரேன் என்று சொல்லாமல் போனார்.

விசாரணை நடத்த வெளியிலிருந்து வழக்கறிஞர் மைதிலியை நியமித்திருந்தார்கள். தொழிலாளர் வழக்குகளில் நீண்ட அனுபவம் உள்ளவர். இரண்டு தரப்பும் அவர் மீது நம்பிக்கை வைத்திருந்தன. கம்பெனியின் கான்ஃபரன்ஸ் அறையில் நீள மேஜையின் தலைப்பில் அவர் உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் கம்பெனியின் வழக்கறிஞரும் எச்.ஆர். அலுவலரும் பாஸ்கரனும். எதிர்ப்பக்கம் அகிலாண்டம். ஜெஸ்லினுக்குக் கோடியில் நாற்காலி போட்டிருந்தார்கள். துவாக்குடி பஸ்ஸில் அறிக்கையைத் திரும்பத் திரும்பப் புரட்டிக்கொண்டே வந்தாள் அவள். உள்ளே வந்து லேப்டாப்பைத் திறந்ததும் அதை மூடி ஓரமாக வைத்தாள். இந்தப் படத்தை அவள் அத்தனை தடவை பார்த்திருந்தாள்.

கம்பெனி வழக்கறிஞர் சிரித்த முகமாகத் தொடங்கினார்.

"நீங்க இன்னும் டிகிரி வாங்கலை, இல்லையா?"

"இல்லை சார். இந்த வருஷம் முடிக்கிறேன்."

"அப்ப நிபுணர்னு உங்களைச் சொல்ல முடியாது."

"என்னை நம்பச் சொல்லலை சார். நான் செஞ்ச ஒவ்வொண்ணும் ரிப்போர்ட்ல இருக்கு. இதே கோப்பைக் கொடுத்து வேற எந்த லேப்ல செய்யச் சொன்னாலும் இதே இடத்துலதான் வெட்டு தெரியும். செய்யச் சொல்லிப் பாருங்க."

"உங்க முறை தப்பே பண்ணாதா?"

"பண்ணும். பண்ணினதைக் கடைசிப் பக்கத்துல எழுதியிருக்கேன். இரைச்சல் அதிகமா இருக்கிற இடத்துல வெட்டு இருந்தும் தெரியாம போகும். வெட்டாத பதிவை வெட்டினதுன்னு ஒரு தடவைகூட சொல்லலை."

வழக்கறிஞர் பக்கங்களைப் புரட்டினார். பிறகு நடுப்பக்கத்தில் விரல் வைத்து நிமிர்ந்தார். "குரல் அகிலாண்டம் மேடத்தோடதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க."

"ஆமா சார்."

"அப்ப இந்த வார்த்தைகளை அவங்க சொன்னாங்க."

"சொன்னாங்க. நடுவுல வேற என்னவோ இருந்திருக்கு. அது இதுல இல்ல."

"என்ன சொன்னாங்கன்னு உங்களால சொல்ல முடியுமா?"

அறையில் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அகிலாண்டம் மட்டும் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த 'ன்னு' ஜெஸ்லினின் நாக்கு நுனியில் இருந்தது. சொல்லியிருந்தால் அது பொய் என்று யாராலும் அங்கே காட்டியிருக்க முடியாது.

"முடியாது சார்," என்றாள்.

வழக்கறிஞர் திருப்தியோடு உட்கார்ந்தார். பாஸ்கரன் தண்ணீர் குடித்தார்.

மைதிலி அதுவரை குறிப்பு எழுதிக்கொண்டிருந்தவர், பேனாவை மூடினார். "தெரியாததைத் தெரியாதுன்னு சொல்ற சாட்சியை நான் அடிக்கடி பாக்கிறதில்ல. அதனால நீங்க தெரியும்னு சொல்றதை நான் எடுத்துக்கிறேன். வெட்டு இருக்கு." அவர் பாஸ்கரன் பக்கம் திரும்பினார். "ஒரிஜினல் எங்க மிஸ்டர் பாஸ்கரன்?"

"என் போன்ல எடுத்தது மேடம். அந்தப் போன் ரிப்பேராகி ரீசெட் பண்ணிட்டேன். எல்லாம் போயிடுச்சு."

"அப்ப ஒரிஜினல் இல்ல."

"இல்ல மேடம்."

மைதிலி ஜெஸ்லினைப் பார்த்தார். "வேற வழி ஏதாவது இருக்கா?"

"அது சொந்த போனா, கம்பெனி போனான்னு கேக்கலாமா மேடம்?"

பாஸ்கரன் பதில் சொல்வதற்குள் எச்.ஆர். அலுவலர், "மேனேஜர்களுக்கு எல்லாம் கம்பெனிதான் போன் கொடுத்திருக்கு" என்றார்.

"அப்படின்னா கம்பெனி ஈமெயில் கணக்குலதான் போன் ஓடும். ரெக்கார்ட் பண்ணினது பல போன்ல தானாவே அந்தக் கணக்குல ஒரு நகல் போய் உக்காந்துடும். போனை ரீசெட் பண்ணினாலும் அது அழியாது. இருக்கும்னு நான் சொல்லலை. பாக்கலாம்னு சொல்றேன். கணக்கு கம்பெனியோடதுங்கிறதால, கம்பெனி அனுமதிச்சா போதும்."

கம்பெனி வழக்கறிஞர் எழுந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். மைதிலி கையமர்த்தினார். "உண்மை தெரியுறதுல கம்பெனிக்கு ஆட்சேபணை இருக்காதுன்னு நினைக்கிறேன்." எச்.ஆர். அலுவலர் வெளியே போய் முதலாளியிடம் போனில் பேசினார். திரும்பி வந்து, ஆட்சேபணை இல்லை என்றார்.

ஜெஸ்லின் தன் கையால் அந்தக் கணக்கைத் தொட மறுத்துவிட்டாள். ஒரு தரப்பு கூட்டிவந்த ஆள் தொட்டால் நாளைக்குக் கேள்வி வரும். கம்பெனியின் கம்ப்யூட்டர் ஆள் திறந்தார். எல்லோர் கண்ணும் சுவரில் விழுந்த திரையில் இருந்தது. ஒலிப்பதிவுகள் என்ற ஃபோல்டர் இருந்தது. அதில் மீட்டிங்குகள், சண்டைகள், யாரோ பாடிய ஒரு பாட்டு. பாஸ்கரனுக்கு எல்லாவற்றையும் பதிவு செய்து வைத்துக்கொள்ளும் பழக்கம். அந்த மாதத்தில் ஒன்று நீளமாக இருந்தது.

திறப்பதற்கு முன் ஜெஸ்லின் சொன்னபடி அதன் ஹாஷ் எண்ணை எடுத்து, மைதிலியும் இரண்டு தரப்பும் அதில் கையெழுத்திட்டார்கள். பிறகு போட்டார்கள்.

லாரி நிற்கிறது, கஸ்டமர் திட்டுகிறான் என்று பாஸ்கரனின் குரல் இரைந்தது. அதன் பிறகு அகிலாண்டம்.

"என்ன எதிர்பாக்கிறீங்க சார்? இது நல்ல ஜாயின்ட்தான், பாஸ் போட்டு அனுப்பிடுங்கன்னு நான் சொல்லணுமா? அது நடக்காது. வெட்டிட்டு மறுபடி வெல்ட் பண்ணுங்க. எக்ஸ்ரே எடுங்க. வர்ற ஃபிலிமை நான் பாத்துக்கிறேன்."

கம்ப்யூட்டர் ஆள் நிறுத்திவிட்டார். ஏ.சி.யின் சத்தம் மட்டும் கேட்டது. அகிலாண்டம் நிமிர்ந்து உட்கார்ந்து, கழுத்துப் பட்டையிலிருந்த பேனாவை எடுத்து மேஜைமேல் வைத்தார். பிறகு கேட்டார்.

"பிச்சைமுத்து கை இன்னும் மடங்க மாட்டேங்குது. அவர் வீட்டுக்குப் போயி என் மேல தப்பில்லன்னு சொன்னேன். கதவைச் சாத்திட்டாங்க. இதை அவங்களுக்கும் ஒரு தடவை போட்டுக் காட்ட முடியுமா மேடம்?"

மைதிலி குறித்துக்கொண்டார்.

பாஸ்கரனைக் கம்பெனி வேலையை விட்டு அனுப்பியது. போலீஸிலும் புகார் கொடுத்தது. அகிலாண்டம் வேலைக்குத் திரும்பினார். முதல் வேலையாக, தான் சஸ்பெண்டில் இருந்தபோது வெளியே போன சரக்கு முழுவதையும் திரும்ப வரவழைக்க வேண்டும் என்றார். முதலாளி முதலில் மறுத்தார். பிறகு அந்த ஒலிப்பதிவை நினைத்தாரோ என்னவோ, சம்மதித்தார். திரும்பி வந்ததில் இன்னும் சில ஜாயின்ட்கள் ஒட்டாமல் இருந்தன. யாரும் வெந்துபோவதற்கு முன்னால் அவை வெட்டப்பட்டன. பிச்சைமுத்துவின் மனைவி அகிலாண்டத்தைத் தேடி ஸ்ரீரங்கத்துக்கு வந்தார் என்று ஜெஸ்லின் பிறகு கேள்விப்பட்டாள்.

வாய்மொழித் தேர்வில் ஜெஸ்லினுக்கு எல்லாரையும்விட அதிக நேரம் கேள்வி கேட்டார்கள். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அந்த வெங்காய மண்டிப் பதிவையே சுற்றிச் சுற்றி வந்தார். இரைச்சலில் முறை தோற்கிறது என்றால் அதற்கு என்ன செய்யப் போகிறாய் என்றார். "அதைத்தான் சார் அடுத்து பி.எச்டி.ல செய்யப் போறேன்" என்றாள். யாரிடமும் இன்னும் கேட்கவில்லை, விண்ணப்பமும் போடவில்லை. ஆனால் சொன்ன பிறகு அது முடிவாகிவிட்டது என்று அவளுக்குத் தோன்றியது. பிரதீப் தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அகிலாண்டம் அவளைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறி, காவிரிப் பாலம் தாண்டி, ஸ்ரீரங்கத்தில் இறங்கினாள். அம்மா மண்டபம் சாலையிலிருந்து பிரியும் சந்தில் மாடி வீடு. வாழைப்பூ வடையும் வத்தக்குழம்பும் செய்திருந்தார். இலையில் இரண்டாவது தடவை சோறு வைத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்தார்.

"ஒண்ணு கேக்கணும்மா. அந்த ஒரிஜினல் கிடைக்காம போயிருந்தா?"

"அப்பவும் என் ரிப்போர்ட் அதேதான்க்கா."

அன்றுதான் அவள் முதன்முதலாக மேடத்தை விட்டுவிட்டு அக்கா என்றாள். அகிலாண்டம் அதைக் கவனித்தாரா என்று தெரியவில்லை.

"என் வேலை போயிருக்கும்."

"போயிருக்கலாம்."

"அப்பவும் அந்த 'ன்னு'வை எழுதியிருக்க மாட்ட."

"எழுதியிருக்க மாட்டேன். நீங்க ஃபிலிம்ல தெரியாத ஒண்ணை எழுதுவீங்களா?"

அகிலாண்டம் ரசம் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினார். யோசித்தார்.

"எழுத மாட்டேன். ஆனா அன்னிக்கு லேப்ல உன் மேல எனக்கு வந்த கோவம் இருக்கே, அது இன்னும் முழுசா போகலை. சொல்லிட்டேன்."

"இருக்கட்டும்க்கா," என்றாள் ஜெஸ்லின். "ரசம் இன்னும் கொஞ்சம் ஊத்துங்க."